நகர்மன்றம் திருத்திக்கொடுத்த திருட்டுப் படம்

எங்கள் ஹேக்கல்பி நகரத்தில் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியாமல் இதுவரை எந்தத் தவறும் நடந்ததில்லை. நகரத்தின் மானத்தைக் கருதி இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பக்கத்து ஊர்களில் அவரவர் இஷ்டத்துக்குத் தவறு செய்கிறார்களாம். எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கெட்டில் சந்து வீடுகளை இடிப்பது என்ற தீர்மானமும் 1957 ஏப்ரலில் அப்படி உரிய முறையில்தான் நிறைவேறியது. நகர்மன்றக் கட்டடத்தின் முதுகோடு முதுகு ஒட்டியமாதிரி எட்டு வீடுகள், அதுதான் கெட்டில் சந்து. மூன்றாம் நம்பர் எங்களுடையது. ஐந்தாம் நம்பர் ஏடா டன்னிக்ளிஃப் அம்மாளுடையது. சுவரெல்லாம் ஈரம் ஏறிப்போய் இந்த வீடுகள் 'மனித வாசத்துக்குத் தகுதியற்றவை' என்று நகராட்சி சர்வேயர் அறிக்கை கொடுத்துவிட்டார். இடித்த இடத்தில் ஒரு மோட்டார் கொட்டகை வரும் என்பதும், அதைக் கட்டப்போகிறவர் நகர்மன்றச் சேர்மன் க்ராப்ட்ரீயின் மச்சான் என்பதும் அறிக்கையில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே அறிக்கையில் எழுத முடியுமா?

எங்களுக்கு மாற்று ஏற்பாடு உண்டு. ஊருக்கு வெளியே மேட்டில் புதுசாக அடுக்குமாடி. ஆறாவது மாடி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், வளர்ப்புப் பிராணிகள் கூடாது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பெட்டி கட்டினார்கள். ஏடா அம்மாள் கட்டவில்லை. அவருடைய புருஷன் சாகும்போது விட்டுப்போனது இருபத்திரண்டு பந்தயப் புறாக்கள். பிரான்ஸ் தேசத்தில் கொண்டுபோய்க் கூடையைத் திறந்தாலும் கடலைத் தாண்டி நேரே ஐந்தாம் நம்பர் கூரைக்கு வந்து இறங்கும். கூரை இல்லாவிட்டால் எங்கே இறங்கும்?

இந்தக் கேள்வியை அவர் நகராட்சி எழுத்தர் பிம்மிடம் கேட்டார். பிம் பேசுவதைப் படிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளவும்.

"புறாக்களின் புதிய விலாசத்தை இந்தப் படிவத்தில் பூர்த்தி செய்து கொடுங்கம்மா."

"நான் பூர்த்தி பண்ணிடுவேன் தம்பி. அதுங்க படிக்கணுமே!"

சேர்மன் க்ராப்ட்ரீ பேசுவதைப் படிக்க, வெந்த உருளைக்கிழங்கு ஒன்றை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு அடித்தொண்டையில் முழங்க வேண்டும். நான் கிழங்கு இல்லாமலே செய்வேன். ஒருமுறை டெலிபோனில் க்ராப்ட்ரீயாகப் பேசி நகர்மன்றக் கடிகாரத்தைப் பதினோரு நிமிஷம் முன்னால் தள்ளிவைக்கச் செய்தேன். அடுத்த கூட்டத்தில் அவரே அதைத் தன்னுடைய யோசனை என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கடிகாரம் இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறது.

நகர்மன்றக் கூட்டம் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பொதுமக்கள் உட்காரும் மாடத்தில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. கூட்டம் உள்ள செவ்வாய்க்கிழமை தோறும் கெட்டில் சந்தே அங்கேதான் குளிர்காயும். ஏடா அம்மாளுக்கு ஜனநாயகத்தில் பற்று வந்தது கால் விரல் வழியாகத்தான்.

ஜூன் மாதம் லண்டனிலிருந்து மான்டி ஃபிஞ்ச் என்ற சினிமா டைரக்டர் வந்து சேர்ந்தார். கூடவே ஒரு வேன், ஒரு காமிரா, ஐந்து நடிகர்கள், ஒரு தொப்பி. தொப்பியை யார் போட்டிருக்கிறாரோ அந்தக் காட்சியில் அவர்தான் வில்லன். பெரிய படத்துக்கு முன்னால், ஜனங்கள் இருட்டில் இடம் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னப் படம் ஓடுமே, அந்த ரகம். பெயர் 'கடைசித் தீர்மானம்'. ஒரு நகராட்சிக் கவுன்சிலர் ஏழைகள் தெரு ஒன்றை இடித்து அந்த நிலத்தை மச்சானுக்குத் தாரை வார்க்கிறார், ஒரு நிருபர் கண்டுபிடிக்கிறார், துப்பாக்கி வெடிக்கிறது.

செட் போட வசதியில்லாததால் எங்கள் நகர்மன்றத்திலேயே படம் எடுக்க அனுமதி கேட்டார் ஃபிஞ்ச். கதையை நகர்மன்றத்தின் முன் வைக்கச் சொன்னார்கள். விஷயம் தெரிந்ததும் ஏடா அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், இது நம்ம கதைடா! இதைப் படிச்சப்புறம் அந்த மனுஷன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவான்? தீர்மானத்தைத் தானா வாபஸ் வாங்கிடுவான் பாரு."

செவ்வாய்க்கிழமை வந்தது. க்ராப்ட்ரீ கதையைப் படித்திருந்தார். முகம் சிவந்திருந்தது. ஏடா அம்மாள் என் விலாவில் இடித்தார்.

"மிஸ்டர் ஃபிஞ்ச்," என்று முழங்கினார் சேர்மன். (கிழங்கு.) "பன்னண்டாம் பக்கத்தைப் படிச்சப்போ எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஒரு கவுன்சிலர், பனிமூட்டத்துல, ராத்திரில, கால்வாய் ஓரமா நின்னு லஞ்சம் வாங்கறாரா?"

"கதைக்காகத்தான் சார்..." என்று இழுத்தார் ஃபிஞ்ச். அவர் குரல் வெண்ணெய் தடவிய படியில் வழுக்கிக்கொண்டே இறங்கும்.

"என்னய்யா கதை? கால்வாய்க்கு எவன் போவான்? மூட்டுவலி வந்துடாதா? இதெல்லாம் காலைல பத்தரை மணிக்கு, சர்வேயர் அறையில, டீ குடிச்சுக்கிட்டு செய்யற காரியம்."

ஏடா அம்மாள் இடிப்பதை நிறுத்தினார்.

"அதுவும் தனியா!" என்றார் இன்னொரு உறுப்பினர், தலையில் அடித்துக்கொண்டு. "கூட யாருமே இல்லையே!"

"அதைத்தான் நானும் சொல்றேன். மிஸ்டர் ஃபிஞ்ச், ஒருத்தன் தனியா வாங்கினா அது திருட்டு. மூணு பேரா உக்காந்து வாங்கினா அது துணைக்குழு. வித்தியாசம் தெரியாம எப்படிய்யா படம் எடுக்க வந்தீங்க?"

ஃபிஞ்ச் பென்சிலை எடுத்துவிட்டார். "அந்தக் கவர், சார்? உள்ள நோட்டு..."

"கவரா! சீச்சீ. நாங்க என்ன ரவுடிங்களா? கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித்தொடை வரும், ஒரு பன்னண்டு ராத்தல். நல்லா உப்புப் போட்டு, கிராம்பு குத்தி. 'நகர்மன்றத்துக்கு அன்புடன்'னு அட்டை போட்டு. பகிரங்கமா வரும். பகிரங்கமா வர்றதுக்குப் பேரு லஞ்சமா?"

"இருபதாம் பக்கத்துல சர்வேயர் பொய் அறிக்கை எழுதறாரு சார். அது பரவால்லையா?"

இந்த இடத்தில் சேர்மன் எழுந்தே நின்றுவிட்டார்.

"பொய் அறிக்கையா? எங்க சர்வேயர் முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு பொய் எழுதினதில்ல! நனைஞ்ச குடையைக் கொண்டுபோய் சுவத்துல கால் மணி நேரம் சாத்தி வைக்கணும். அப்புறம் எடுத்துட்டு அந்த இடத்துல ஈரத்தை அளக்கணும். வர்ற நம்பரை அப்படியே எழுதணும். அதுல எங்கய்யா பொய்? அஞ்சாம் நம்பர்ல அப்படித்தான் அளந்தாங்க!"

"ஓஹோ!" என்றது மாடம். ஏடா அம்மாள்தான். "அன்னிக்கு வெயில் அடிச்சுதே, இந்த ஆளு ஏன் சொட்டச் சொட்டக் குடையோட வர்றான்னு அப்பவே நெனச்சேன்!"

"பொதுமக்கள் அமைதி காக்கவும்," என்றார் பிம், எழுதுவதை நிறுத்தாமல்.

பிம் எழுதுவதை நிறுத்துவதே இல்லை. அதுதான் அவருடைய பெருமை. கூட்டத்தில் யார் தும்மினாலும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிடும். அடுத்த கூட்டத்தில் அதை ஆதியோடந்தமாக வாசிப்பார். இது உண்மையான பதிவுதானா என்று சேர்மன் கேட்பார். ஆமாம் என்று எல்லோரும் கை தூக்குவார்கள். சேர்மன் கையெழுத்துப் போடுவார். நூற்றுப்பத்து வருஷ வழக்கம். இதை மட்டும் யாரும் ஒருநாளும் மீறியதில்லை.

அப்படியே ஜூலைக் கூட்டத்தில் பிம் வாசித்தார். பத்தரை மணி, டீ, துணைக்குழு, பன்றித்தொடை, குடை, ஐந்தாம் நம்பர், எல்லாம் வரி பிசகாமல். சபை கண்களை மூடிக்கொண்டு கேட்டது.

"இது உண்மையான, சரியான பதிவுதானா?"

"ஒரு திருத்தம்," என்று தன் கேள்விக்குத் தானே பதில் சொன்னார் க்ராப்ட்ரீ.

மாடத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

"பன்றித்தொடை பன்னண்டு ராத்தல்னு எழுதியிருக்கு. வருஷா வருஷம் வர்றது பதினாலு ராத்தல். மச்சானுக்கு அவமானமில்ல?"

பன்னிரண்டு பதினாலாகத் திருத்தப்பட்டது. முன்மொழிந்தார்கள். வழிமொழிந்தார்கள். க்ராப்ட்ரீ கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் கலைந்ததும் ஏடா அம்மாள் பிம்மின் மேசைக்குப் போனார்.

"வரி கட்டறவங்க யார் கேட்டாலும் இந்தப் புஸ்தகத்தைக் காட்டணுமாமே தம்பி?"

பிம் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க... படிக்கப் போறீங்களாம்மா?"

"ஒரு நகல் கிடைக்குமா?"

"முப்பது வருஷமா எழுதறேன்," என்றார் பிம். "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே தன் கைப்பட அழகான எழுத்தில் நகல் எடுத்து, ஓரத்தில் சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்தார். ஏடா அம்மாள் அதை அப்படியே லண்டனிலுள்ள வீட்டுவசதி அமைச்சகத்துக்குத் தபாலில் சேர்த்தார்.

இதற்கிடையில் படத்தின் கடைசிக் காட்சிக்கு ஃபிஞ்ச் அட்டைப் பெட்டியில் ஒரு தெரு செய்துகொண்டிருந்தார். சேர்மன் பார்த்துவிட்டார்.

"அட்டையா? எங்க நகராட்சி இடிக்கறது உங்களுக்கு விளையாட்டாத் தெரியுதா? நிஜத் தெருவையே இடிச்சுத் தர்றோம். எப்படியும் இடிக்கத்தான் போறோம். அக்டோபர் முதல் திங்கள், மத்தியானம் ரெண்டு மணி. காமிராவோட வந்து சேருங்க."

ஆக, ஒரு தெருவை அநியாயமாக இடிப்பதைக் கண்டிக்கும் படத்துக்காக எங்கள் தெருவை இடிப்பதென்று முடிவாயிற்று. அமைச்சகத்திலிருந்தும் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் உரிய கவனத்தைப் பெற்றுள்ளது. ஆய்வாளர் திரு. வாட்லிங் அக்டோபர் முதல் திங்களன்று பிற்பகல் நேரில் வருவார்.'

"பிற்பகல்னா எத்தனை மணிடா?" என்று கேட்டார் ஏடா அம்மாள். இதை அவர் செப்டம்பர் முழுவதும் கேட்டார்.

திங்கட்கிழமை காலையிலிருந்தே இரும்பு உருண்டை தொங்கும் கிரேன் சந்து முனையில் நின்றது. கெட்டில் சந்து ஜனங்களாக நடிக்கக் கெட்டில் சந்து ஜனங்களையே அழைத்திருந்தார் ஃபிஞ்ச். ஆளுக்கு ஒரு பன், ஒரு டீ. வரிசையில் நின்ற எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்களைப் பாத்தா வீடு போகப்போறவங்க மாதிரியே இல்லையே."

"எங்க வீடு நிஜமாவே போகப்போகுதுங்க," என்றார் என் அப்பா.

"தெரியுது சார். ஆனா நம்பற மாதிரி இல்ல." ஆளுக்கொரு கிழிந்த சால்வை கொடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த சிக்கல், மழை. பணமில்லாத படத்துக்கு மழைதான் நகை. பின்னால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் தெரியாது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் நனைகிற எங்கள் ஊரில் அன்றைக்கென்று வெயில் கொளுத்தியது. தீயணைப்பு வண்டி வந்தது. குழாயைத் திறந்தார்கள்.

அதற்கடுத்த சிக்கல், நேர்மையான ஆய்வாளராக நடிக்க வேண்டியவர் எங்கள் ஊர்க் கடையில் விற்ற, பன்றிக்கறி அடைத்த பலகாரம் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வேனுக்குள் முனகிக்கொண்டிருந்தார். ஃபிஞ்ச் தலையைப் பிய்த்துக்கொண்டபோது, ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து பழுப்புக் கோட்டு, வட்டத் தொப்பி, தோல்பை சகிதம் ஒருவர் வந்தார். கிரேனைப் பார்த்தார். கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்கள்," என்றார். படிவம் பேசினால் எப்படியிருக்கும், அந்தக் குரல். "அமைச்சகத்தின் உத்தரவு. நிறுத்துங்கள்."

"கட்!" என்று கத்தினார் ஃபிஞ்ச். "ஆளு பிரமாதம்! லண்டன் ஏஜென்ட் அனுப்பினானா? தோரணை சரியா இருக்கு. ஆனா குரல்ல கோபம் பத்தல. இன்னொரு தடவ."

"நான் வாட்லிங். நான்..."

"பேரெல்லாம் அப்புறம் டைட்டில்ல போட்டுக்கலாம். மழை! காமிரா!"

வாட்லிங் மறுபடியும் சொன்னார், மெய்யாகவே கோபமாக. அது ஃபிஞ்சுக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. மூன்றாம் தடவை தொப்பி கண்ணை மறைத்தது. ஒவ்வொரு தடவையும் தீயணைப்புக்காரர்கள் எட்டு வீட்டின் மீதும் பீய்ச்சி அடித்தார்கள். உதவி செய்கிற நல்லெண்ணத்தில் க்ராப்ட்ரீயும் பக்கத்தில் வந்துவிட்டார்.

"தம்பி, நீங்க நல்லாத்தான் நடிக்கறீங்க. ஆனா நிஜ ஆய்வாளர் இப்படி வந்ததும் கத்தமாட்டாரு. முதல்ல எங்ககூட உக்காந்து சாப்பிடுவாரு."

"அந்தக் குடை விஷயம் உண்மையா?" என்று கேட்டார் வாட்லிங்.

"பின்ன? நான்தானே திருத்திக் கொடுத்தேன்!"

நான்காம் தடவை மழை பெய்தபோது வேனுக்குப் பின்னாலிருந்து சேர்மனின் கம்பீரமான குரல் எழும்பியது. "நகர்மன்றச் சுவத்து மேலயும் அடிங்கய்யா! என்ன கஞ்சத்தனம்? நல்லா அடிங்க!" தீயணைப்புக்காரர்கள் சேர்மன் சொல்லைத் தட்டுவார்களா? குழாயைத் திருப்பினார்கள். சேர்மனோ அந்த நேரம் வேனுக்கு முன்னால் பன் தின்றுகொண்டிருந்தார். குரல் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ஏழாம் தடவை முடிந்ததும் வாட்லிங் தோல்பையைத் திறந்து அரசாங்க முத்திரை போட்ட கடிதத்தை எடுத்துச் சேர்மனின் மூக்குக்கு நேரே நீட்டினார். க்ராப்ட்ரீயின் வாயிலிருந்த பன் கீழே விழுந்தது.

"சாப்... சாப்பிட்டீங்களா?" என்றார்.

"ரயிலிலேயே ஆயிற்று. தங்கள் மினிட்ஸை முழுவதும் படித்தேன்." வாட்லிங் தொப்பியிலிருந்த தண்ணீரைக் கொட்டினார். "முன்மொழிவு இருக்கிறது. வழிமொழிவு இருக்கிறது. எடை கூடத் திருத்தப்பட்டிருக்கிறது. இவ்வளவு ஒழுங்கான மினிட்ஸ் அமைச்சகத்துக்கு இதுவரை வந்ததில்லை. தவறு நடந்திருக்கிறது. முறை தவறவில்லை. ஆகவே அதில் நாங்கள் தலையிட முடியாது."

பிம் ஓரமாக நின்று அழுதார். ஆனந்தம்.

"நான் பார்க்க வேண்டியது சுவர் ஒன்றுதான். சுவர் காய்ந்திருந்தால் தீர்மானம் செல்லாது."

"வாங்கய்யா!" என்றார் ஏடா அம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக. "நாப்பத்தொரு வருஷமா எலும்பு மாதிரிக் காஞ்ச சுவரு. தாராளமாத் தொட்டுப் பாருங்க."

வாட்லிங் ஐந்தாம் நம்பர் சுவரில் கருவியை வைத்தார். சுவரிலிருந்து அவர் சட்டைக் கைக்குள் தண்ணீர் ஓடியது.

"எண்பத்தாறு," என்றார். "நாற்பதுக்கு மேல் போனால் மனித வாசத்துக்குத் தகுதியில்லை. சர்வேயர் அறிக்கை எழுத்துக்கு எழுத்து உண்மை."

ஏடா அம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கூரை மேல் புறாக்கள் இறகை உதறிக்கொண்டிருந்தன. கிரேன்காரன் இன்ஜினைக் கிளப்பினான். அம்மாள் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அதற்குப் பின்னால் நெடுக நின்ற இன்னொரு சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஐயா, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. அந்தச் சுவத்தையும் ஒரு தடவ அளந்துடுங்களேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

வாட்லிங்குக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. நகர்மன்றச் சுவரில் கருவியை வைத்தார்.

"தொண்ணூற்று நான்கு."

"அது நகர்மன்றம்யா!" என்று அலறினார் க்ராப்ட்ரீ. "அங்க மனுஷங்க யாரும் வசிக்கலையே!"

வாட்லிங் குறிப்பேட்டில் பென்சிலை வைத்தார். "பின் யார்?"

சட்டப்படி ஈரம் அதிகமான கட்டடத்தைக் காலி செய்வதற்கே முன்னுரிமை. நகர்மன்றம் அன்றே பூட்டப்பட்டது. அதன் கதி தெரியும்வரை கெட்டில் சந்தில் ஒரு செங்கல்லைத் தொடக்கூடாது என்று வாட்லிங் எட்டாம் தடவையாக "நிறுத்துங்கள்" என்றார். இந்தத் தடவை யாரும் கட் சொல்லவில்லை.

வெளியேற்றப்பட்டவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டுமே. மேட்டில் ஆறாவது மாடி தயாராக இருந்தது. நகர்மன்றம் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே கூடப் பார்த்தது. முதல் பஸ்ஸில் வந்த நாலு பேர் காத்திருந்து காத்திருந்து கிளம்பிய பிறகு, இரண்டாவது பஸ்ஸில் மற்ற ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். சர்ச் மண்டபத்தில் கேட்டார்கள். சினிமாக்காரரோடு பழகினவர்களுக்கு இடமில்லை என்றார் பாதிரியார். மதுக்கடை மாடி கௌரவக் குறைச்சல். கடைசியில் பிம் ஐந்தாம் நம்பர் கதவைத் தட்டினார்.

"காலைத் துடைச்சுட்டு வாங்க," என்றார் ஏடா அம்மாள்.

அவர் வீட்டு முன்னறையில் கரியடுப்பு எரிய எரிய நகர்மன்றம் கூடியது. நகர்மன்றம் கூடுகிற கட்டடம் வாசத்துக்குத் தகுதியற்றதாக இருக்கலாகாது என்று பிம் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். சர்வேயர் வரவழைக்கப்பட்டார். ஒரு காய்ந்த குடையைச் சுவரில் கால் மணி நேரம் சாத்தி வைத்தார். எடுத்து அளந்தார். ஈரமில்லை என்று அறிக்கை எழுதினார். கெட்டில் சந்துத் தீர்மானம் ரத்து. முன்மொழிந்தவர் க்ராப்ட்ரீ.

நவம்பரில் படம் வந்தது. நகரமே போய்ப் பார்த்தது. மாவட்டப் பத்திரிகை ஓகோ என்று எழுதியிருந்தது; கவுன்சிலர்கள் அச்சு அசல் நிஜம்போல இருக்கிறார்களாம், ஆய்வாளராக நடித்தவர் மட்டும் நம்பும்படி இல்லையாம்.

டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி தபால்காரர் ஒரு பெரிய பொட்டலத்தோடு ஐந்தாம் நம்பர் வாசலில் நின்றார். அட்டையில், 'நகர்மன்றத்துக்கு அன்புடன்.' ஏடா அம்மாள் அதை மேசைமேல் வைத்துப் பிரித்தார். கிராம்பு வாசனை சந்து முழுக்கப் போனது. எட்டு வீட்டு ஜனமும் வந்து சுற்றி நின்றது.

"திருப்பி அனுப்பிடணும்," என்றார் என் அப்பா.

"கண்டிப்பா," என்றார்கள் எல்லோரும். யாரும் நகரவில்லை.

"எத்தனை பேர்டா இருக்கோம்?" என்று கேட்டார் ஏடா அம்மாள்.

"பதினேழு."

"மூணு பேருக்கு மேலயே இருக்கோம்," என்று கத்தியை எடுத்தார். "யாராவது முன்மொழிங்க."

நான்தான் முன்மொழிந்தேன், க்ராப்ட்ரீ குரலில். பதினாலு ராத்தல். எடையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

டிசம்பர் முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை. வருஷத்தின் கடைசிக் கூட்டம். ஏடா அம்மாள் வீட்டு மாடிப்படியில் பொதுமக்களாக நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், கையில் மிச்சமிருந்த பன்றித்தொடையை வைத்துச் செய்த சாண்ட்விச்சோடு. மோட்டார் கொட்டகையை மில் சந்தில் கட்டலாம் என்று சேர்மன் சொன்னார். அங்கே ஆறு வீடுகள் இருக்கின்றனவாம். சுவரெல்லாம் ஈரமாம்.

சர்வேயரின் குடை முன்னறை மூலையில் சாத்தியிருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழையில்லை. ஏடா அம்மாள் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், குடையை எடுத்து, தன் சுவரில் படாமல் ஒரு வாளிக்குள் பத்திரமாக நிறுத்தினார்.

"பொதுமக்கள் தரப்பில் யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று படிக்கட்டைப் பார்த்துக் கேட்டார் பிம். மூக்கைப் பிடித்துக்கொள்ளவும்.

எங்கள் எல்லோருக்கும் வாய் நிறைய இருந்தது.

மினிட்ஸில் 'மறுப்பு இல்லை' என்று இருக்கிறது. உண்மையான, சரியான பதிவுதான். நானே வாங்கிப் படித்துப் பார்த்தேன்.